கேரவே துரைக்குக் கேக்

"சீமைச்சோம்பு வாங்கிட்டு வாங்கன்னா சீரகத்த வாங்கிட்டு வந்து நிக்கிறீங்களே, இதப் போட்டா கேக்கு ரசம் மாதிரி..."

"சேக் தாவூத் கடையில அதான் இருந்துச்சு. இத்தன வருசமா வெறும் சோம்பத்தானே போட்டுப் படைச்சோம், துரை எந்திரிச்சு வந்து கேட்டாரா?"

"அவரு கேக்கல. நாளைக்கு வர்ற அவரு பேரன் கேப்பாருல்ல."

காளியண்ணன் சீரகப் பொட்டலத்தை மனைவி நவமணியிடம் நீட்டினார்.

தேயிலை மேட்டில் ஒரு வெள்ளைக் கல். அதில் கேரவே என்ற பெயரும் ஒரு வருடமும் மட்டும். கேரவே துரை தோட்டத்தை ஆண்டபோது சீமைச்சோம்பு போட்ட கேக் இல்லாமல் தேநீர் குடிக்க மாட்டாராம். காளியண்ணனின் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கல்லுக்கு வருடா வருடம் கேக்கும் விஸ்கியும் படையல். ஓய்வு பெற்ற தொழிலாளர்களையெல்லாம் லைன் வீட்டிலிருந்து கிளப்பிய கம்பெனி, துரை சமாதியைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இந்த இரண்டு பேரை மட்டும் விட்டுவைத்திருந்தது.

புது மேனேஜர் நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனார். "சமாதிக்கு ஆள் வேணும்னு பேரன் சொன்னா வீடு உங்களுக்கு. இல்லன்னா சாவி எனக்கு."

"துரைசானி போட்ட சீமைச்சோம்பு பங்களா பின்னாடி இன்னும் மொளைக்குதுல்ல," என்று கிளம்பிய காளியண்ணன், கேரட் தழை மாதிரி ஒரு கட்டைப் பிடுங்கி வந்தார்.

நவமணி புரட்டிப் பார்த்தாள். "விதை எங்க?"

"மொத வருசச் செடி. அடுத்த வருசந்தான் பூத்துக் காய்க்குமாம், தோட்டக்காரன் சொல்றான்."

"பிடுங்குனதுக்கு அப்புறமா சொன்னான்?"

கைப்பேசி அலறியது. மேனேஜர். பேரனுக்குக் காட்டவென்று தண்ணீர் ஊற்றி வளர்த்த பாத்தியாம் அது.

காளியண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கேரட் விளையும் திரிங்காப்புக் கிராமத்துக்கு விரைந்தார். இருட்டுவதற்குள் திரும்பினார்.

"கேரட் செடிய நட்டுட்டேன். வெள்ளைக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது."

"தாத்தா வீட்டுச் செடி பேரனுக்குத் தெரியாதா?"

"ஒனக்கே தெரியலயே."

நவமணி வேறு வழியில்லாமல், பார்க்கச் சீமைச்சோம்பு போலிருந்த சீரகத்தையே சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கேக்கில் போட்டாள். லைன் முழுக்க ரச வாசம்.

மறுநாள் பேரன் கேரட் பாத்தி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். சமாதிக்கு வந்து கேக்கைக் கடித்தார். மென்றார். இன்னொரு துண்டு கேட்டார்.

"வீடு நம்மதுதான்," என்று நவமணி கணவர் காதில் சொன்னாள்.

பேரன் குனிந்து, கல்லின் முன்னால் வைத்திருந்த விஸ்கியைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜரிடம் ஏதோ கேட்டார். மேனேஜரும் சிரித்தார்.

"என்ன தம்பி கேக்கறாரு?" என்றாள் நவமணி.

மேனேஜரின் டிரைவர் லிங்கேஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தாத்தாவ அவங்க ஊர்லதான் பொதைச்சாங்களாம்மா. இங்க படுத்திருக்கறது அவரு வளத்த கேரவேங்கற நாயாம். செத்த நாய்க்கு எதுக்கு ரெண்டு ஆளும் ஒரு வீடும்னு கேக்கறாரு."