மக்கள்தொகைக்கு மிஞ்சிய பெருமை

ஓர் ஊரின் கால்பந்துக் கழகத்துக்குக் கிடைக்கும் ஆதரவு, மேற்படி ஊரின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைதல் வேண்டும். பெரிய ஊருக்குப் பெரிய ஆதரவு, சிறிய ஊருக்குச் சிறிய ஆதரவு. விகிதத்துக்குக் குறைவாக ஆதரவு காணப்படும் ஊரின் கழகம் கலைக்கப்பட்டு, அவ்வூர் ரசிகர்கள் அருகிலுள்ள பெருநகரக் கழகத்துக்கு ஒதுக்கீடு செய்யப்படுவர்.

இதை நான் சொல்லவில்லை. கால்பந்து வாரியம் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தது. நான் நகராட்சியில் விளையாட்டுப் பிரிவு எழுத்தர். பிரிவு என்றால் நான், ஒரு பீரோ, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. வேறு யாரும் தலையைக் கொடுக்காததால் எங்கள் ஊர்க் கழகத்துக்குச் செயலாளரும் நானே.

ஊர்க் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து பெருநகரக் கழகத்தின் ரசிகன். ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறேன். வாரியமே முத்திரை குத்தி அனுப்பி வைக்கிறேன் என்றால் கசக்குமா?

என்னை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான். முடி வெட்டுகிறவர், மருந்துக்கடைக்காரர், ஆணையரின் கார் டிரைவர், எல்லோரிடமும் பெருநகரத்தின் நீல ஜெர்ஸி உண்டு. அந்த நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்த அணி ஜெயித்தால் "நாம ஜெயிச்சுட்டோம்" என்பார்கள். எங்கள் ஊர் அணி தோற்றால் "அவங்க தோத்துட்டாங்களாமே" என்பார்கள். அலுவலகத்தில் வாரம் முழுக்கத் தோற்றுக்கொண்டிருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கிப் போய்த் தோற்க வேண்டுமா என்பது என் கட்சி.

இதில் ஒரே சிக்கல் என் மச்சினன். என் மனைவிக்குத் தம்பி, எங்கள் அணிக்குக் கோல்கீப்பர். தொழில் பூட்டு ரிப்பேர். ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான். கோல் கம்பத்தைத்தான் அவனால் மூட முடிந்ததில்லை. ஆனால் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்தின் முன்னால் முளைத்திருக்கும் களையைத் தன் கையால் பிடுங்கிவிட்டு வருகிறவன் அவன் ஒருவன்தான். கழகம் கலைந்தால் அந்த மைதானம், பெருநகர ஆட்டங்களுக்கு ரசிகர்களை ஏற்றிப் போகும் பஸ்களுக்கு நிறுத்துமிடமாகும் என்று சுற்றறிக்கையின் கடைசிப் பத்தி சொன்னது.

அன்று சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மாமா, கலைச்சுட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க போய் நிப்பேன்?"

எனக்கு முந்திக்கொண்டு என் மனைவி பதில் சொன்னாள். "உங்க மாமாவைக் கேட்டு என்னடா பிரயோஜனம்? சொந்த ஊரை விட்டுக்கொடுத்துட்டு அடுத்த ஊரான் ஜெயிச்சா குதிக்கிற மனுஷன்" என்றாள். எங்கள் வீட்டில் நீல ஜெர்ஸியை அவள் துவைக்க மாட்டாள். நான்தான் துவைத்துக்கொள்ள வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று மறுநாள் கோப்பை எடுத்துக்கொண்டு ஆணையரிடம் போனேன்.

ஆணையர் எதற்கும் கலங்குகிறவர் அல்ல. தண்ணீர் இல்லாத தெருவுக்கு லாரி அனுப்பச் சொல்கிற அதே குரலில், "பெருமைக்கு ஏற்பாடு பண்ணிடுங்க" என்றார். நகராட்சி ஊழியர்கள் அனைவரும் குடும்பத்தோடு அடுத்த ஆட்டத்துக்கு வந்து தன்னிச்சையாக ஆர்ப்பரிக்க வேண்டும், வராதவர்கள் விளக்கம் அளிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டோம். ஊழியர்களுக்கு ஆட்சேபணை இல்லை. எதை உடுத்திக்கொண்டு வருவது என்று மட்டும் கேட்டார்கள். கால்பந்துக்கென்று அவர்களிடம் இருந்தது நீல ஜெர்ஸிதான். எங்கள் அணியின் நிறமோ பச்சை. ஆதரவை அளக்க வாரியம் அனுப்பும் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது பச்சை அணிக்கு நீல ஜனங்கள் கைதட்டினால் நன்றாகவா இருக்கும்?

ஆணையர் கண்ணை மூடி யோசித்தார். "ஜனங்க சட்டையை மாத்த முடியாதுன்னா, டீம் சட்டையை மாத்துங்க" என்றார்.

'நிர்வாக நலன் கருதி' என்று தொடங்கித் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. எங்கள் அணி நீலமானது.

ஆட்டம் ஆற்றுக்கு அக்கரை ஊரோடு. பாலத்தைத் தாண்டினால் அந்த ஊர். எங்களை விடச் சின்னது. ஆய்வாளர் சத்தத்தை அளக்கும் கருவி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஊழியர்கள் உத்தரவுப்படி தன்னிச்சையாகக் கைதட்டினார்கள். கருவி கொட்டாவி விட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது அக்கரைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து ஒருவன் எங்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு ஊரா" என்று கேட்டான்.

அதற்கப்புறம் உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. மைதானமே எழுந்து நின்றது. மருந்துக்கடைக்காரர் செருப்பைக் கையில் எடுத்தார். என் சம்பள விகிதத்துக்குப் பொருந்தாத சில சொற்களை நானும் சொன்னேன். பெருநகரத்துக்காரன் நம்மை மதிக்கவில்லை என்றால் அது அவன் தகுதி. அக்கரைக்காரன் மதிக்கவில்லை என்றால் அது திமிர் இல்லையா? கடைசியில் ஆட்டம் சமனில் முடிந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆய்வாளர் ஆணையரின் அறையில் உட்கார்ந்து நெடுநேரம் கணக்குப் போட்டார். பிறகு கவலையோடு நிமிர்ந்தார்.

"உங்க ஊருக்கு இவ்வளவு ஆதரவு இருக்க விதியில இடமில்லை."

"ஆனா இருக்குதே சார்" என்றார் ஆணையர்.

"இருக்குது. அப்படின்னா உங்க ஊரோட அளவுதான் தப்பு."

மக்கள்தொகை போன வருஷம்தான் எடுத்தோம், வீடு வீடாகப் போனோம் என்று பணிவோடு சொல்லிப் பார்த்தேன்.

"இருக்கலாம். ஆதரவை நானே அளந்தேன், அது தப்பா இருக்காது. மக்கள்தொகையை நான் அளக்கலையே."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எங்கள் ஆதரவு ஒரு பெருநகரத்துக்கு உரியது. ஆகவே எங்கள் ஊர் பெருநகரம். அதற்குக் குறைகிற ஜனத்தொகையை எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பக்கத்தில் கைக்கெட்டிய தூரத்தில் ஜனங்கள் இருந்தது அக்கரை ஊரில்தான். சீக்கிரமே உத்தரவு வந்துவிட்டது. இரண்டு ஊரும் இனி ஒரே நகரம், இரண்டு கழகமும் ஒரே கழகம். அந்தக் கழகம் முதல்நிலைப் போட்டியில் ஆடும், மைதானமும் பிழைத்தது. மச்சினன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லேன்னா இது நடந்திருக்காது மாமா" என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் மனைவி எனக்கு முதல் தடவையாக இரண்டாவது காபி கொடுத்தாள்.

முதல் ஆட்டமே பெருநகரக் கழகத்தோடு. நீலம் அவர்கள் சொத்து என்பதால் எங்கள் அணியை மறுபடி பச்சைக்கு மாற்றினோம், அதுவும் நிர்வாக நலன் கருதித்தான். இப்போது எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால், பாதி அக்கரைக்காரன் ஆடுகிற டீமுக்கு நாங்கள் எதற்குக் கத்த வேண்டும் என்றார்கள். அக்கரைக்காரர்களும் எங்களைப் பற்றி அதையே சொன்னார்கள். ஆக, சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு ஊரும் ஒரே வரிசையில், ஒரே நீல ஜெர்ஸியில், ஒரே பொட்டலத்துக் கடலையைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரே குரலில் கத்தின. பெருநகரத்துக்காக. இப்படி ஓர் ஒற்றுமையை உத்தரவு போட்டு வரவழைத்திருக்க முடியாது என்று ஆணையர் பூரித்துப் போனார்.

செயலாளர் என்பதால் நான் மட்டும் சாதாரணச் சட்டையில், வாயை மூடிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அணி என்றும் இல்லாத நாளாக நன்றாக ஆடித் தொலைத்தது. கடைசி நிமிஷம் வரை கோலே விழவில்லை. அப்போது பெருநகரத்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கம்பங்களுக்கு நடுவே மச்சினன் தனியாக நின்றான். அவனுக்காகக் கத்த அந்த மைதானத்தில் ஓர் ஆள் இல்லை. கடவுளே இவன் இதைப் பிடித்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

பந்து வந்தது. விழுந்து, இரண்டு கையாலும் பிடித்துவிட்டான்.

மைதானம் செத்தது போல் அடங்கியது. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும், "ஐயோ, போச்சே" என்று அலறியது. யாரடா இந்தத் துரோகி என்று திரும்பிப் பார்க்கப் போனேன். அது என் குரல்.

மச்சினன் தரையிலிருந்து தலையைத் தூக்கித் தேடி என்னைப் பார்த்தான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவன் எழுந்து நின்று, பந்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையை ஆட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

"பயப்படாதீங்க மாமா, அடி ஒண்ணும் படலை."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? மனைவி இன்று வீட்டை விட்டே துரத்திவிடுவாள் என்று பயந்து மெல்ல அவள் பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"நல்லவேளை, நீங்க அவ்வளவு சத்தமா கத்தினீங்க" என்றாள். "நான் கத்தினது அவனுக்குக் கேக்கலை."