அந்தோனிக்கு இருமல்

இத்தாலியின் பலெர்மோவில் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருப்பவர்களைப் பற்றி உலகம் ஆயிரம் கதை சொல்லும். ஆனால் துவக்குக்குத் திருநாள் கொண்டாடி, கேக் வெட்டி, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் துவக்கர்தான். வந்தவர்கள் என்றால் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒருவன்தான்.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பழைய மாடிவீட்டில் தனியே இருந்தார். தபால் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தட்டைப் பாதம் என்று இளமையில் இராணுவம் திருப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கோபமோ என்னவோ, இரண்டு உலகப் போர்களிலும் எஞ்சிய துவக்குகளைத் தேடி வாங்கிச் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். எல்லாம் பொலிசில் முறையாகப் பதிந்தவை. தூசி போகாமல் ஒவ்வொன்றின் வாயிலும் வைன் போத்தல் தக்கை. எந்தப் புனிதரின் திருநாளில் வீட்டுக்கு வந்ததோ, அந்தப் பெயர் அதற்கு. மன்னார்க் கத்தோலிக்கனான எனக்குப் பெயர் பாடமாக்குவதில் சிரமமே இருக்கவில்லை: சூசை, அந்தோனி, லூசியா, செபஸ்தி.

நான் வீடு கூட்டத்தான் போனேன். முதல் நாள் கதவு திறந்ததும் அத்தனை துவக்கையும் ஒன்றாகக் கண்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. மூளையைக் கேட்காமல் தானே மேலே போகும். கையிலிருந்த நிலம் துடைக்கும் தடியும் கூடவே போய் மேலே தொங்கிய விளக்கை உடைத்தது. துவக்கர் உடைந்த விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையை இறக்கு. இவையள் எல்லாரும் பென்சன் எடுத்திட்டினம்" என்றார். சொன்னது இத்தாலியனில்தான். என் காதில் அவர் பேச்சு எப்போதும் எங்கள் தமிழாகத்தான் விழும்.

துவக்குத் துடைக்கக் கையுறை போட வேண்டும். வெறும் விரல் பட்டால் வியர்வையின் உப்பு இரும்பைத் தின்றுவிடுமாம். கையுறைக்குள்ளிருந்து முழங்கை வழியாக ஒழுகும் அளவுக்கு வியர்க்கிற ஒருவனை வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பது அந்த மனிதருக்குத் தெரியாது. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வரிசையில் நின்றாலே என் சட்டை நனையும். துவக்கை மடியில் வைத்தால் கேட்கவா வேண்டும். கொஞ்ச நாளில் அந்தோனியின் இடுப்பில் துரு பூத்தது.

"அந்தோனிக்குச் சுகமில்லை" என்றார் துவக்கர், ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் குரலில்.

வீட்டில் என் மனைவி றீற்றா இருக்கிறாள். சண்டையில் தமையனை இழந்தவள். துவக்கு என்ற சொல்லைக்கூட வாசற்படி தாண்ட விடமாட்டாள். அந்தச் சுவரைப் பற்றித் தெரிந்தால் அன்றோடு என் வேலை சரி. எனக்கு வேறு வேலை கிடைக்கும். துவக்கருக்குக் கோப்பி குடிக்க வேறு ஆள் கிடைக்காது. ஆகவே அந்த வீட்டில் ஆர் ஆர் இருக்கினம் என்று அவள் கேட்டபோது, பெயர்களையும் அந்தோனிக்குச் சுகமில்லை என்பதையும் மட்டும் சொன்னேன். கலியாணம் கட்டாத கிழட்டுச் சகோதரங்கள் என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள்.

"அந்தோனிக்கு என்ன வருத்தம்?"

"உள்ளுக்கை கொஞ்சம் கரகரப்பு."

"இருமலோ?"

"ஓம், அப்பிடித்தான்."

அடுத்த நாளே ஒரு போத்தல் மிளகு ரசம் என் கையில். நாங்கள் இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து வரும் பஸ்சில், கடைசி ஆசனத்தில் இருந்து நானே குடித்தேன். அந்தோனி ஒரு சொட்டும் மிச்சம் விடவில்லை என்று பின்னேரம் அறிவித்தேன். அது பிழையாகிவிட்டது. ரசம் நாளாந்தம் வரத் தொடங்கியது. என் சளி முழுக்கத் தீர்ந்தது. அந்தோனிக்குத்தான் குணமில்லை.

எங்கள் கோயில் பெண்களுக்கு ஒரு வழக்கம். நோயாளி இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் விலாசம் விசாரித்துச் செபமாலையோடு கிளம்பிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை, அந்தோனியை மடியில் வைத்துத் துரு தேய்த்துக்கொண்டிருக்கிறேன், வாசல் மணி அடித்தது. துவக்கர் திடுக்கிட்டார். அந்த மணியை அடிக்கிற ஒரே ஆள் உள்ளேதானே இருக்கிறேன். அவசரமாகக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போய்த் திறந்தார்.

றீற்றாவும் நான்கு பெண்களும். பூ, செபமாலை, ரசம்.

அந்தோனியைப் பார்க்க வந்தோம் என்றாள் றீற்றா, தன் இத்தாலியனில். துவக்கரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தோனியைப் பார்க்க என்று அதுவரை ஒருவரும் வந்ததில்லை. அவளைக் கையைப் பிடித்து நேரே என்னிடம் கூட்டிவந்தார்.

நான் வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். கையில் அந்தோனி.

எங்கள் பெண்களும் வழக்கம்போல நிலத்தில் குப்புறப் படுத்தார்கள். ஷெல்லுக்குப் படுத்துப் பழகிய உடம்புகள். இது ஏதோ தமிழ்ச் செபமுறை என்று நினைத்த துவக்கரும் பக்கத்தில் மெல்ல முழந்தாளிட்டுச் சிலுவை போட்டார்.

முதலில் எழுந்தவள் றீற்றா. தக்கையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

"சூசை?"

சுவரைக் காட்டினேன்.

"லூசியா?"

அதற்கும் சுவர்.

பிறகு மேசையைப் பார்த்தாள். இரண்டு கோப்பை, உட்கார இரண்டு கதிரை. அந்த வீட்டில் இருந்ததே அவ்வளவுதான். "வேறை ஒருத்தரும் இல்லையோ?" என்றாள் மெதுவாக. இல்லை என்றேன்.

"அதை மேலை வையுங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ரசத்தைக் கோப்பையில் ஊற்றித் துவக்கரிடம் நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. மிளகாலா என்று ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்சில் தீர்ப்புக்காக வியர்த்துக்கொண்டிருந்தேன். யன்னலைப் பார்த்தபடி றீற்றா கேட்டாள்:

"அடுத்த திருநாள் ஆருக்கு?"

"லூசியாவுக்கு. மார்கழியிலை."

"அதுவரைக்கும் அந்த மனுசன் தனியவே இருக்கிறது?"

அதற்குப் பிறகு துவக்கர் துவக்கு வாங்கவில்லை. கதிரை வாங்கினார்.

இப்போது அவர் இல்லை. துவக்குகளை அரசாங்கம் கொண்டுபோனது. வீட்டில் வேறு யாரோ. இருந்தும் பஸ் பொலிதேயாமாவைத் தாண்டும்போது என் கை மூளையைக் கேட்காமல் மேலே போய் மணியை அழுத்திவிடும். அழுத்திவிட்டு இறங்காவிட்டால் சாரதி முறைப்பான் பாருங்கள், அதனால் இறங்கி, அவர் வாசல்வரை நடந்துவிட்டு, அடுத்த பஸ்சில் வீட்டுக்குப் போகிறேன்.