மேஜையைத் தட்டிச் சொன்ன தீர்ப்பு

இனிமேல் என் வாயிலிருந்து "என்று நினைக்கிறேன்" என்ற பேச்சே வராது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். "ஒருவேளை", "ஓரளவுக்கு", "எனக்குத் தெரிந்தவரை" ஆகிய மூவரையும் அன்றே வேலையிலிருந்து நீக்கினேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன் நான். பதினெட்டு வருடமாக ஒரே கேள்வி: "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருக்கா?" முடிவு சொல்வது வந்தவர். எழுதிக்கொள்வது நான். சொந்தக் கருத்து என்ற சாமான் என்னிடம் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் வீட்டுச் சின்ன அறையில் மேஜை, விளக்கு, பின்னால் ஒரு நீலத் திரை எல்லாம் போட்டு, வாரா வாரம் கருத்துச் சொல்லும் வீடியோ ஆரம்பித்தேன். பார்த்தவர்கள் பதினான்கு பேர். அதில் இருவர் வழி தவறி வந்தவர்கள். ஒருவர், "சார், நீங்க பேசி முடிச்சதும் எனக்குத் தெரிஞ்சதும் மறந்துபோச்சு" என்று எழுதியிருந்தார். சுருக்கென்று தைத்தது.

அந்தச் சின்ன அறைமேல் என் மனைவிக்கும் ஒரு கண். தையல் வகுப்பு நடத்தவேண்டும், ஆறு பேர் காத்திருக்கிறார்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறாள். நானும் மூன்று வருடமாக "யோசிக்கலாம்" என்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் வேலையிலிருந்து நீக்கவில்லை. அது எனக்கு நிறைய உழைத்திருக்கிறது.

புதுப் பாணியில் முதல் வீடியோ. செல்போன் பிடித்தவள் அவளே.

"என்னங்க, மேஜையைத் தட்டும்போது படம் ஆடுது."

"ஆடட்டும். உறுதியா பேசினா நாலு பொருள் ஆடத்தான் செய்யும்."

மடக்குக் குடை வைத்திருப்பவன் வாழ்க்கையில் முன்னேறவே மாட்டான் என்று தட்டினேன். முந்நூறு பேர் பார்த்தார்கள். அடுத்த வாரம், லிஃப்ட்டில் கண்ணாடி வைத்தவனைக் கைது செய்யவேண்டும் என்றேன். ஆயிரத்தைத் தாண்டியது. என்னிடமும் ஒரு மடக்குக் குடைதான் இருக்கிறது. இருந்தாலும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடுத்த வாரம் ஜனங்களோட கேள்விக்குப் பதில் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "நான் படிக்கிறேன், நீங்க தட்டுங்க."

இவளுக்குக் கூட என்மேல் மதிப்பு வந்துவிட்டதே என்று நெகிழ்ந்துபோனேன்.

அவள் படித்தாள்: "ஒரு அம்மா கேக்குறாங்க. வீட்டுல ஒரு அறையை வீட்டுக்காரர் பொழுதுபோக்குக்கு வச்சிருக்காராம். வாரத்துல ஒரு மணி நேரம்தான் உள்ள போவாராம். அந்த அம்மாவுக்குத் தொழில் கத்துக்கொடுக்க இடம் வேணுமாம். அறை யாருக்கு?"

"இதில் கேள்வி என்ன இருக்கிறது?" தட்டினேன். "பொழுதுபோக்குக்கு ஓர் அறையா? அந்த மனிதர் ஒரு வாரத்துக்குள் காலி செய்யவேண்டும்." இன்னொரு தட்டு. "சாக்குப்போக்கு சொன்னால் அவர் கணவரே அல்ல, வாடகை தராத குடித்தனக்காரர்."

நாலாயிரம் பேர் பார்த்தார்கள். எங்கள் கடை மேனேஜர் தன் மாமியார் வரைக்கும் அனுப்பினாராம்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தால், சின்ன அறையில் மனைவி இஞ்ச் டேப்போடு நிற்கிறாள்.

"என்னம்மா அளக்குற?"

"ஆறு மிஷின் கொள்ளுமானு பாக்குறேன். ஒரு வாரம்னு சொன்னீங்களே."

"நானா? அது யாரோ ஒரு அம்மாவுக்கு..."

"அந்த அம்மா நான்தான்."

"உன் பேரையே போடலையே நீ?"

"போட்டிருந்தா யோசிக்கலாம்னு சொல்லியிருப்பீங்க."

"இல்லம்மா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சூழ்நிலை..."

"அதையும் மேஜையைத் தட்டிச் சொல்லுங்க, பிடிக்கிறேன்." செல்போனை நீட்டினாள். "ஊருக்குத்தான் சொன்னேன், எனக்கு இல்லைன்னு ஒரு வீடியோ போடுங்க."

"அந்த வீடியோவையே அழிச்சிடறேன்."

"அழிங்க. பொண்டாட்டிக்குப் பயந்து அழிச்சிட்டார்னு உங்க மேனேஜர் மாமியார்கிட்ட சொல்லுவார். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் முதன்முதலாக என் பேச்சை நாலு பேர் நம்பியிருக்கிறார்கள். அதை நானே கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. உண்மையில் அழுகைதான் வந்தது.

ஆறு நாள் முறைத்துப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள். ஏழாம் நாள் சிலிர்த்து எழுந்தேன். மனைவி முகத்துக்கு நேரே, மேஜை இல்லாமலே, இந்த அறை என்னுடையது என்று சொல்லிவிடுவது என்று முடிவு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆறு பெண்கள் வரிசையாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.

"உங்க வீடியோவைக் காட்டித்தான் சார் எங்க வீட்டுலயும் அனுமதி வாங்கினேன்" என்றாள் வரிசையில் முதல் பெண். கண் கலங்கியிருந்தது.

மனைவி விளக்கையும் நீலத் திரையையும் எடுத்து, பாந்தமாக என் இரண்டு கையிலும் கொடுத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றாள் அந்தப் பெண். "அந்த வீட்டுக்காரர் கடைசியில காலி பண்ணினாரா?"

"இதோ," என்றேன், "பண்ணிக்கிட்டிருக்காரும்மா."