சீரியல்செட்டின் நாலு பல்புகள்

சித்திரை வெயிலுக்குக்கூடச் சாயங்காலம் சூடு தணியும்; சீரியல்செட்டின் கோபத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. காலையில் வணக்கம் சொன்னால், "சொல்லி என்ன ஆகப் போகுது?" என்று எரிந்து விழுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் மானகிரிப் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்குத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை. அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். முன்பு திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டியவர் என்பதால் அந்தப் பெயர். மில்லில் ஆறு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியில், எந்தக் கம்ப்யூட்டர் செய்தி அனுப்பினாலும் அதற்குரிய பொட்டு விளக்கு மின்னும். "இம்புட்டூண்டு விளக்கை எவன் பார்ப்பான்?" என்று கத்திவிட்டு, பிளைவுட் பலகையில் மில்லின் படத்தை வரைந்து, கட்டடத்துக்கு ஒரு பல்பு மாட்டிப் பெட்டியோடு இணைத்தார்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. ஒரு பல்பு சும்மா இருந்தால் போதும், சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்த் திட்டுவார். கேபிள்மேல் டிபன் கேரியர் வைத்தவனை வேலையை விட்டே ஓடும்படி திட்டினார். என்னையும் விட்டதில்லை. "ஏம்மா, ஒங்க பல்பு அழுது வடியுது. டைப் அடிக்கிறீகளா, மாவு பிசையிறீகளா?"

ஆனால் எனக்கு ஆத்திரமெல்லாம் மேனேஜர்மேல்தான். இன்றும் ஆறவில்லை. நான் அடிக்கும் பில்லை அவர் தன் கம்ப்யூட்டரில் பார்த்துச் சம்மதம் தந்தால்தான் லாரி கிளம்பும். தினமும் மூன்று மணிக்குமேல் பில் அங்கேயே கிடக்கும். டிரைவர்களிடம் வசவு வாங்குவது நான். ஒருநாள் காலை முதலாளி காரணம் கேட்டபோது, அந்த மனுஷன் கூசாமல் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்கு வேகம் பத்தல அத்தான். திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆளு போட்டுருவோம்."

அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. பக்கத்தில் ஸ்விட்ச் மாட்டிக்கொண்டிருந்த சீரியல்செட் யாரையும் திட்டவில்லை. அதுதான் அதிசயம்.

மூன்று மணி அடித்ததும் முதலாளியைப் பலகைமுன் கொண்டுவந்து நிறுத்தினார். மேனேஜர், குடோன், ஸ்டோர், டைம் ஆபீஸ் என்று நான்கு பல்புகள் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

"நல்லாப் பாருங்க முதலாளி. வேலை நடந்தா பல்பு கண்டபடி மின்னும். இது எங்க ஆரம்பிச்சாலும் ஒரே பக்கமாச் சுத்துது. நாலு பேரும் முறை வச்சுக் கம்ப்யூட்டர்லயே சீட்டாடுறாக. இந்தப் புள்ள அடிச்ச பில்லு அங்க காத்துக் கெடக்கு."

முதலாளி மேனேஜர் அறைக்கு நடந்தார். திரையில் சீட்டு விரிந்து கிடந்தது.

என் வேலை நிலைத்தது. மேனேஜர் முதலாளிக்கு மச்சினன்; அவர் வேலையும் நிலைத்தது, அதைக் கேட்பானேன். மறுவாரம், பலகை கரண்டை வீணாக்குகிறது என்று சொல்லிச் சீரியல்செட்டைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதற்குப் பெயர் நியாயம்.

கேட்டுக்கு ஓடினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். "என்னாலதானே உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"வேலை நேரத்துல இங்குட்டு என்ன வேலை? அங்குட்டு பில்லை யாரு அடிப்பா? இதுக்கா நான் மல்லுக்கு நின்னேன்?" என்று பிடிபிடியென்று பிடித்தார்.

திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டேன். முடித்த பிறகும் எனக்கு உள்ளே போக மனம் வரவில்லை.