சொந்தக்காரர் இல்லாத பிரான்ஸ்

இந்த ஆகஸ்டில் ஒரு சொந்தக்காரரின் முகத்தையும் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது குளியலறையில் இருந்தேன். எங்கள் நோர்பரி வீட்டில் நான் முடிவுகள் எடுக்கக்கூடிய அறை அது ஒன்றுதான். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது.

கீழே என் மனைவி கலாவதி தன் தம்பி தேவராசாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். தேவராசா பாரிஸில் இருக்கிறான். ஆகஸ்டில் அவனுக்கு ஐம்பது வயது. எங்கள் ஆட்கள் ஐம்பதாவது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒருவர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினார். இன்னொருவர் பல்லக்கில் வந்தார். பல்லக்குத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவருக்கு வீடியோ வந்தது. எனக்கு முதுகுவலி வந்தது.

பிரான்ஸுக்கு இருபது வருடமாகப் போய் வருகிறேன். எனக்குத் தெரிந்த பிரான்ஸ் இரண்டு இடங்கள்தான். ஒன்று, லா சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் தெரு. மற்றது, மச்சான் வீட்டு விறாந்தையில் எனக்குப் போடும் மெத்தை. ஐஃபில் கோபுரத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன், தூரத்தில், மீன்பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு.

நான் நகரசபைக் கவுன்சிலில் பார்க்கிங் பகுதியில் வேலை செய்கிறேன். தண்டம் விழுந்தவர்கள் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வருடம் முழுவதும் திட்டுவார்கள். எனக்குத் தேவையாக இருந்தது இரண்டு கிழமை அமைதி, பதினான்கு நாள். அதற்காக எதையும் செய்யத் துணிந்திருந்தேன்.

தேடினேன். கண்டுபிடித்தேன். பிரான்ஸின் நடுவில் க்ரூஸ் என்று ஒரு மாவட்டம். மனிதர்களைவிட மாடுகள் அதிகம். காடு, குளம், கருங்கல் வீடு. அங்கே போய்வந்த ஓர் ஆங்கிலேயர் இணையத்தில் எழுதியிருந்தார்: ‘பார்க்க ஒன்றுமில்லை, பேச ஒருவருமில்லை.’ அவர் அதைக் குறையாக எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கியது.

ஏப்ரலிலேயே ஒரு பண்ணைவீட்டைப் பதிவு செய்தேன். தேவராசாவின் பிறந்தநாள் நட்டநடுவில் விழும்படி திகதி பார்த்தேன். பிறகு கலாவதியிடம் போனேன். அவள் சமையலறையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேரும், ஆகஸ்டில லீவுக்கு வீடு ஒண்டு புக் பண்ணிப்போட்டன்."

"எங்கை?"

"பிரான்ஸில."

அவளுக்கு முகம் மலர்ந்தது. "தம்பியின்ரை வீட்டுக்குக் கிட்டவோ?"

"சீச்சீ, அங்கையிருந்து நாலு மணித்தியால ஓட்டம். நல்ல நாட்டுப்புறம்."

"எந்தத் திகதி?"

சொன்னேன்.

"அது தம்பியின்ரை பேர்த்டே எல்லோ?"

"ஐயோ!" என்றேன். இந்த ஐயோவைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பலமுறை பழகியிருந்தேன். "நான் கவனிக்கேல்லையே! இனி மாத்தவும் ஏலாதாம்."

புயலை எதிர்பார்த்து அலுமாரியோடு சாய்ந்து நின்றேன். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது.

"படம் இருக்கோ? காட்டுங்கோ பாப்பம்."

தொலைபேசியை நீட்டினேன். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"இதென்ன பெரிசா, வீட்டுக்குப் பக்கத்தில?"

"பழைய வைக்கோல் கொட்டகை. சும்மா கிடக்கு. கோயில் மண்டபம் மாதிரி என்ன?"

"அயலட்டை இருக்கோ?"

"ஒரு குருவி இல்லை. வீட்டுக்காரக் கிழவி மட்டும் ஒழுங்கை முடியுற இடத்தில இருக்கிறா."

"அப்ப ஒரு சத்தம் கித்தம் கேட்டால் ஆரும் வர மாட்டினமோ?"

பாவம், கள்ளருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். இருந்தும் உண்மையை மறைக்க மனம் வரவில்லை. அந்த உண்மையில் எனக்கு அவ்வளவு பெருமை.

"விடிய விடியக் கத்தினாலும் ஒரு நாய் எட்டிப் பாக்காது."

"கார் விட இடம்?"

இது என் துறை. "இடமோ? ஒரு முழு வயல் கிடக்கு. வடிவா ஒழுங்குபடுத்தினால் ஐம்பது கார் விடலாம்."

"கரண்ட் ஒழுங்கா இருக்குமே?"

"பண்ணை எல்லோ. பால் கறக்கிற மெசினே ஓடினது."

"அப்ப சரி," என்றாள். போஞ்சியை அடுப்பில் போட்டாள். "தம்பியிட்டை நானே சொல்லுறன். நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அவ்வளவுதான். முப்பது வருட இல்லறத்தில் என் முதல் வெற்றி. இவ்வளவு சத்தமில்லாமல் வந்ததால் அது வெற்றிதானா என்று ஒரு சின்னச் சந்தேகம் எட்டிப் பார்த்தது. அடக்கினேன். தோற்றே பழகியவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் புறப்பட்டோம். கப்பலில் கடல் தாண்டிக் கலேயில் இறங்கியதும் பாரிஸைச் சுற்றிப் போகும் பாதையை எடுத்தேன். மேற்கே அகலமாக வளைந்து, பாரிஸ் என்று எழுதிய பலகைகூடக் கண்ணில் படாதபடி ஓட்டினேன். அதனால் பயணம் இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடியது. கலாவதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு நிம்மதியைக் கண்டதும் நான் வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும்.

க்ரூஸ் நான் கேட்டபடியே இருந்தது. திங்கட்கிழமை எல்லாக் கடையும் பூட்டு. செவ்வாய்க்கிழமை திறந்தார்கள், ஏன் திறந்தோம் என்று யோசிப்பவர்கள்போல் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிராமத்தில் தேவாலயம் பார்த்தோம். அடுத்த கிராமத்தில் அதேபோல் இன்னொன்று பார்த்தோம். மரங்களில் மஞ்சள் கோடு போட்ட நடைபாதைகள் இருந்தன. எல்லாவற்றிலும் நடந்தேன். மழையிலும் நடந்தேன். விடுமுறையை அனுபவித்தே தீருவது என்ற உறுதியோடு நடந்தேன். எதிரே வந்தவை மாடுகள் மட்டும்தான். அவை திட்டவில்லை.

வீட்டுக்கார மதாம் ஒடெட் எழுபது தாண்டியவள். முழங்கால்வரை றப்பர் பூட்ஸ் போட்டு ட்ரக்டர் ஓட்டுவாள். அவளும் கலாவதியும் நடுவில் தொலைபேசியை வைத்து, அது மொழிபெயர்க்க, முற்றத்தில் மணிக்கணக்காகப் பேசினார்கள். பாண் வான், ஊரூராக ரொட்டி விற்கும் வண்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தால் கலாவதிதான் போவாள். ஒருநாள் பாண்காரன் இரண்டு கைகளின் விரல்களையும் விரித்து விரித்துக் காட்டினான். அவள் இன்னும் என்று சைகை காட்டினாள்.

"என்னவாம்?"

"குடும்பத்தில எத்தினை பேர் எண்டு கேக்கிறார்."

வீட்டில் தொலைபேசிக்கு அலை கிடைக்காது, அதிலிருந்த மொழிபெயர்ப்பு மட்டும் அலை இல்லாமலே வேலை செய்தது. ஒருவரும் கூப்பிட முடியாது என்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று சொல்லி முடியாது. கலாவதி தினமும் பின்னேரம் பக்கத்து மேட்டில் ஏறினாள். நோர்பரியில் ஒரு தரிப்பிடத் தூரத்துக்கும் பஸ் எடுப்பவள்.

"எங்கை போறீர்?"

"காத்து வாங்க."

இயற்கை ஒரு மனுசியை மாற்றிவிட்டது என்று நெகிழ்ந்தேன். மேட்டின் உச்சியில் மட்டும் அலை கிடைக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை மேட்டிலிருந்து இறங்கி வந்தவள் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அந்தக் கொட்டகையை ஒருக்காக் கூட்டிவிட்டால் என்ன? வீட்டுக்கார மனுசி பாவம், தனிய."

கூட்டினேன். ஒட்டடை அடித்தேன். பழைய வைக்கோலை வெளியே தள்ளினேன். வியாழக்கிழமை, "வயல் புல்லும் காலுக்கை நிக்குது," என்றாள். மதாமின் புல்வெட்டும் மெசினைக் கடன் வாங்கி வயல் முழுவதும் வெட்டினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. எனக்குள் ஒரு கமக்காரன் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தானே என்று மார்பு நிமிர்ந்தது. பெண்கள் இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மதாம் ஏதோ சொன்னாள். தொலைபேசி அதைத் தமிழில் சொன்னது: "நல்ல கணவர். வலிமையானவர்."

"ஓம், சொன்னதைச் செய்வார்," என்றாள் கலாவதி.

சனிக்கிழமை காலை செஸ்ட்நட் மரத்தடியில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடினேன். இலை அசைவது கேட்டது. அதன் பின்னால் ஒன்றுமே கேட்கவில்லை. இதற்காகத்தான் பிறந்தேன் என்று தோன்றியது.

பிறகு ஒரு வாகனம் கேட்டது. பாண் வான் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தேன். வெள்ளை வான்தான், ஆனால் பெரியது. பிரெஞ்சு வாகனங்களின் இலக்கத் தகட்டில் மாவட்டத்தின் எண் இருக்கும். க்ரூஸுக்கு 23. இதில் இருந்தது 93. அது பாரிஸின் வடக்குப் புறநகர். அது மச்சான் இருக்கும் இடம்.

வானின் பின்கதவு திறந்தது. முதலில் ஆள் உயர ஒலிபெருக்கிகள் இறங்கின. அடுத்து ஒரு சமையல் கிடாரம் இறங்கியது. கடைசியில் கறுப்புக் கண்ணாடியோடு தேவராசா இறங்கினான்.

"அத்தான்! அக்கா அனுப்பின படத்தைவிட வடிவா இருக்கு அத்தான்!"

வீட்டுப் பக்கம் திரும்பினேன். கலாவதி வாசலில் நின்றாள். கையில் என் பட்டு வேட்டி, மடிப்புக் குலையாமல்.

"இதென்ன?"

"வேட்டி."

"அது தெரியுது. இஞ்சை எப்பிடி வந்தது?"

"உங்கடை நடைச் சப்பாத்துக்குக் கீழை வைச்சனான்."

"கலாவதி, நான் இந்த இடத்தை எடுத்ததே..."

"தெரியும். இவ்வளவு வருசத்தில ஒரு ரெயில் டிக்கெட் நீங்களா எடுத்திருக்கிறியளே? திடீரெண்டு வீடு எடுத்து, அதுவும் அந்தத் திகதிக்கு எடுத்து, ஐயோ எண்டால் எனக்கு விளங்காதோ?" குரலைச் சற்றும் உயர்த்தவில்லை. "பாரிஸில மண்டபக்காரர் எல்லாரும் பதினொரு மணிக்குப் பூட்டச் சொல்லுறாங்கள். போனமுறை டிஜே தொடங்க முந்திப் பொலிஸ் வந்து நிக்குது. அவன் இடம் கிடைக்காமல் அழாக்குறை. நீங்கள்தான் சொன்னியள், விடிய விடியக் கத்தலாம், ஐம்பது கார் விடலாம் எண்டு. அதை ஒரு சொல்லும் மாத்தாமல் அவனுக்குச் சொன்னனான்."

"மதாமுக்கு?"

"நீங்கள் புக் பண்ணின கடிதத்தில அவவின்ரை நம்பர் இருந்தது, ஏப்ரலிலேயே சொல்லியாச்சு. கொட்டகை துப்பரவாக்க ஆள் இல்லையே எண்டு கவலைப்பட்டவ. என்ரை மனுசன் வருவார் எண்டன்."

அதற்குமேல் பேச நேரம் கிடைக்கவில்லை. ஒழுங்கையில் கார்கள் வரத் தொடங்கின. பாரிஸ், ஸ்ட்ராஸ்பூர், டோட்முண்ட், இல்ஃபோர்ட். யாரோ எனக்கு ஒளிரும் மஞ்சள் அங்கி ஒன்றைப் போட்டுவிட்டார்கள். பட்டு வேட்டிக்கு மேலே அந்த அங்கியோடு வயலில் நின்று கைகாட்டினேன். ஐம்பது கார் என்று நான் போட்ட கணக்கு மிகச் சரியாக இருந்தது. ஐம்பத்தோராவது கார் சட்டனிலிருந்து வந்த சண்முகராசாவுடையது. இடமில்லை என்றேன். கண்ணாடியை இறக்கி என்னைத் திட்டினார். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

தேவராசா முதலில் லிமோசின் காரில்தான் வந்து இறங்க நினைத்திருந்தானாம். இந்தப் பக்கத்தில் லிமோசின் என்றால் மாடு. கொழுத்த, கபில நிற மாடு. அதனால் ட்ரக்டரில் வந்தான். மதாம் ஒடெட் ஓட்டினாள். மாடுகள் வேலியோரம் வரிசையாக நின்று, விருந்தினர்களைவிட ஒழுங்காக, இறுதிவரை பார்த்தன.

கேக் வெட்டியபின் மச்சான் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"எனக்காக மூலை முடுக்கெல்லாம் தேடி இப்பிடி ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சு, தன்ரை லீவையும் விட்டுக்குடுத்து, கையாலை கூட்டித் துப்பரவாக்கினவர் என்ரை அத்தான்!"

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மஞ்சள் அங்கியைக் கழற்ற மறந்திருந்தேன், அதன்மேலேயே போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். முன்வரிசையில் கலாவதி இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர். அது தம்பிக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

"எல்லாம் கலாவதியின்ரை யோசனை," என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

டிஜே விடியும்வரை பாட்டுப் போட்டான். ஒரு நாய் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மத்தியானம் கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. நான் தளரவில்லை. இன்னும் ஒரு கிழமை மிச்சம் இருந்தது. அதையாவது காப்பாற்றிவிடுவது என்ற வெறியோடு வயலில் ஓடியோடி ஒவ்வொரு காரையும் வெளியே அனுப்பினேன். கடைசியாக, ஒழுங்கையோரம் காரை விட்டிருந்த சண்முகராசா. அவர் என் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். கலாவதியும் வழியனுப்ப வந்து நின்றாள்.

"பாலேந்திரா அண்ணை, நேற்று வாய் தவறிக் கத்திப்போட்டன். மனசில வைச்சிருக்காதேங்கோ."

"அதெல்லாம் பரவாயில்லை. வெளிக்கிடுங்கோ, தூரப் பயணம்."

"மகளுக்கு வாற வருசம் கலியாணம் அண்ணை. உங்களிட்டை ஒரு உதவி..."

"அதுக்கென்ன, கேளுங்கோ," என்று கலாவதி முந்திக்கொண்டாள். "இவர் செய்து தருவார்."

சண்முகராசா குரலைத் தாழ்த்தினார்.

"இதே மாதிரி, மனுசரே இல்லாத இடமா ஒண்டு பாத்துத் தாங்கோ அண்ணை. நாங்கள் ஒரு அறுநூறு பேர்தான் வருவம்."