வெங்கடகிருஷ்ணனின் வலது முழங்கால்

"எல்லாரும் ஏன் வலது காலை இழுக்கிறீங்க?"

வெங்கடகிருஷ்ணன் கத்தியதும் பாட்டு நின்றது. ஒத்திகைக்கு வந்திருந்த செராமிக் பட்டறைத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்க ஆடிக் காட்டுனதத்தான் சார் ஆடுறோம்" என்றாள் வீரம்மாள். பட்டறையில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். "எங்களுக்கு சாம்பிள் எப்புடியோ அப்புடித்தான் வரும்."

ஆடிக் காட்டும்போது காலை இழுத்தவர் வெங்கடகிருஷ்ணன்தான். முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி ஆடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மனைவி ஆனந்தவல்லிக்கு மட்டும்தான் தெரியும். ஆடுகிறவர்களுக்கு வயது ஏறலாம், முழங்காலுக்கு மட்டும் ஏறக் கூடாது.

முழுக்க முழுக்கப் பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்லும் நாடகத்தை வெளிநாட்டில் ஓபரா என்பார்கள். அப்படிப்பட்ட நாடகங்களை இயக்கி, நடனமும் அமைத்து, பாதி ஆயுளை ஊர் ஊராகக் கழித்தவர் அவர். இப்போது விருத்தாசலத்திலேயே, இந்தப் பட்டறைத் தொழிலாளர்களை வைத்து, மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்த கதையை எடுத்திருந்தார். டெல்லி விழாவுக்குத் தேர்வு செய்ய மதுவந்தி என்ற அதிகாரி வரப்போகிறார். இயக்குநரே மேடையில் ஆட வேண்டும் என்பது விழாக்காரர்களின் நிபந்தனை. கால் போனது தெரிந்தால் விழா போகும், அதோடு தொழிலும் போகும்.

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையால் மட்டும் சொல்லிக்கொடுத்தார். மொத்தக் கூட்டமும் முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடியது.

"நிமிர்ந்து ஆடுங்க!"

"நீங்க உக்காந்துதான சார் காட்டுனீங்க" என்றான் சூளையில் வேலை பார்க்கும் கோவிந்தராசு, பணிவாக.

சரி, நல்ல கால் உள்ள ஆளே ஆடட்டும் என்று ஆனந்தவல்லியை அழைத்துவந்தார். அவள் அருமையாக ஆடினாள். நடுவில் ஒரே ஒரு முறை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். பிறகு ஆடியவர்கள் எல்லாரும் இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். வலது காலையும் இழுத்தார்கள்.

"நான் நேராத்தானங்க ஆடினேன்?" என்றாள் ஆனந்தவல்லி. "உங்க கால் வலி ஊருக்கே ஒட்டிக்கிச்சா?"

நாடகத்தன்று தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, வேட்டிக்குள் இறுக்கமாக ஒரு முழங்கால் உறையும் மாட்டிக்கொண்டார். உறை போட்டதும் கால் மடங்கவே மறுத்தது. அதுவரை லேசாகக் காலை இழுத்தவர் இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். கழற்றலாம் என்று குனிவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

படகோட்டி வேடத்தில் துடுப்போடு மேடையேறினார். சாய்ந்தார். பின்னால் அத்தனை பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். இன்றோடு நம் பிழைப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே அவர் கடைசிவரை பாடி ஆடி முடித்தார்.

திரை விழுந்ததும் மதுவந்தி மேடைக்கே வந்துவிட்டார்.

"சார், அந்தச் சாய்ஞ்ச நடை! வெள்ளத்துல படகு தத்தளிக்கிறதை நேர்ல பார்த்த மாதிரி இருந்துச்சு. டெல்லிக்கு இதே ஆளுங்க, இதே நடை. யாரும் நேரா மட்டும் நடந்துடாதீங்க!"

வெங்கடகிருஷ்ணனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மேடைக்குப் பின்னால் வீரம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வீரம்மா, கடைசிவரைக்கும் உங்க யாருக்குமே சரியா ஆட வரல."

"வரலைங்களா?"

வீரம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். ஆனந்தவல்லி ஆடிக் காட்டிய அதே ஆட்டத்தை, கால் இழுக்காமல், ஒரு பிசகும் இல்லாமல் ஆடிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

வெங்கடகிருஷ்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப அந்த நாற்காலி? கண்ணாடி?"

"அதெல்லாம் உங்களுக்கு சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் சார். உங்க முட்டி வலி எங்களுக்கு மொத நாளே தெரிஞ்சிபோச்சி."

"தெரிஞ்சும் ஏம்மா இப்படி?"

"செட்டுல ஒரு பொம்ம மட்டும் சாஞ்சி நின்னா, ரிஜெக்டுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க சார்" என்றாள் வீரம்மாள். "மொத்த செட்டும் சாஞ்சி நின்னா, அதுக்குப் பேரு டிசைனு."