வேர்ச்சாமியின் பொடிக்கு இரண்டு கை

1989இல் மலேசியாவின் சிம்பாங் பூலாயில் இழுப்பு நோய்க்கு டாக்டரே தேவைப்படவில்லை. வேர்ச்சாமி இருந்தார்! ஞாயிறு காலையில் அவருடைய தகரக் கொட்டகை முன்னால் செமோரிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் வந்த வேன்கள் வரிசையாக நிற்கும். திருநீறு பூசியவருக்கும் ஜெபமாலை உருட்டியவருக்கும் ஒரே பொடி. ஏமாறுவதில் மட்டும் நம்மவர்களுக்குள் மத பேதமே கிடையாது.

கேமரன் மலை உச்சியில் அம்மன் காட்டிய வேராம். தோட்டத்து மருந்தகத்தை மூடும்வரை அங்கே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த அப்பாவுதான் இந்தச் சாமி. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் காலில் விழுந்தார்கள்.

சவரியம்மாவும் விழுந்தாள். மூச்சிரைப்பு நின்றது. பலவீனமான இருதயமோ தறிகெட்டு அடித்தது.

"அம்மன் உள்ள இறங்குறா லா. மூணு கரண்டியா ஏத்து" என்றார் சாமி. ஆஸ்பத்திரி மாத்திரைகள் குப்பைக்குப் போயின.

மகள் பெட்ரீசியா பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் வேலை பார்த்தவள். தாயின் உதடு நீலம் பூத்ததைப் பார்த்தாள். பொடியில் ஒரு சிட்டிகையை எடுத்துப் போனாள். மூச்சுக்குழாயைத் திறந்துவிட்டு இருதயத்தை விரட்டும் எபெட்ரின் என்ற மருந்து இருந்தது. அது செடியிலும் உண்டு; அங்கேயே நிறுத்தியிருந்தால் சாமி தப்பித்திருப்பார்.

அவள் நிறுத்தவில்லை. எபெட்ரின் மூலக்கூறுக்குக் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஓர் எதிர்ச்சோடி உண்டு. இடக்கையும் வலக்கையும் மாதிரி. செடி ஒன்றைத்தான் செய்யும். ஆலையில் செய்த மலிவு மாத்திரையில் இரண்டும் சரிபாதி. தலைமுடி பருமனுள்ள கண்ணாடிக் குழாயில், சர்க்கரை வளையங்கள் கலந்த திரவத்தை நிரப்பி, பொடியின் கரைசலில் ஒரு துளியைச் செலுத்தி, இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் பாய்ச்சினாள். வளையங்கள் ஒரு கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவைக்கும். அது பிந்தி வரும். கருவி வரைந்த தாளில் இரண்டு மேடுகள் எழுந்தன. சரிசமமாக.

அடுத்த ஞாயிறு, கூட்டத்தின் நடுவே கேட்டாள்.

"சாமி, இதுல வேர் மட்டும்தானா? வேற எதுவும் கலக்கலையே?"

"அம்மன் மேல சத்தியம்மா, வேர் மட்டும்தான்!"

அவள் முன்வரிசைப் பெண்களிடம் தாளை விரித்தாள். "செருப்புத் தைக்கிற கதைதான் அக்கா. காடு ஒத்தக் கால் செருப்புதான் தைக்கும். பேக்டரிதான் ரெண்டு காலுக்கும் தைக்கும். இது சாமி பொடி. இது ஈப்போ கடையில வாங்குன மாத்திரை. பாருங்க, ரெண்டுலயும் ரெண்டு மேடு!"

சாமி சிரித்தார். "அம்மனுக்கு ஒத்தக் காலா? அதான் ரெண்டு!"

கூட்டம் கைதட்டியது. "படிச்ச திமிரு லா" என்றாள் முன்வரிசையிலிருந்த மங்களம்.

பெட்ரீசியா மூன்று கரண்டிப் பொடியைத் தட்டில் கொட்டி நீட்டினாள். "சரி அப்பாவு அண்ணே. எங்கம்மாவுக்குச் சொன்ன அதே மூணு கரண்டி. அம்மன்தானே இறங்குறா? முழுங்குங்க."

சாமிக்கு வேர்த்தது. தட்டைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"எனக்கு... பிரஷர் இருக்கும்மா."

சவரியம்மா மூச்சு வாங்க எழுந்தாள்.

"மருந்தகத்துல என் நெஞ்சுக்கு மாத்திரை குடுத்ததே நீதானடா! தெரிஞ்சுதான் இதக் குடுத்தியா?"

யாரோ மேசையைக் கவிழ்த்தார்கள். வேர்க்கட்டுக்கு அடியிலிருந்து மாத்திரை டின்கள் உருண்டோடின.

பெட்ரீசியா தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினாள். திரும்பிப் பார்த்தால், சிந்திய பொடியை மங்களம் முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள்!

அள்ளுங்கள் அக்கா, தாராளமாக அள்ளுங்கள். வாயில் போடுவதற்கு முன்னால், கொடுத்தவன் ஏன் போடவில்லை என்று மட்டும் ஒருதரம் கேளுங்கள். அதற்குப் பட்டம் வேண்டாம், தலை போதும்.